ஏறாத முள்

“ஐயோ... கொலை!”

பக்கத்து வீட்டுக்காரியின் அலறலில் தெருவே திரண்டது.

சமையலறை வாசலில் டயர்க்கடைக்காரனின் மனைவி பிணமாகக் கிடந்தாள். கழுத்தின் இரண்டு பக்கமும் ஒரே அழுத்தத்தில் விரல் தடங்கள்!

“நான்தான் கொன்னேன்” என்றார் மாமனார். “பேத்திய எம் மகன் பாத்துப்பான். என்னை உள்ள தள்ளுங்க.”

போன வருஷம்தான் அவருக்குப் பக்கவாதம். வலது கை இன்னும் சரியாகவில்லை. இன்ஸ்பெக்டர் தலையைப் பிய்த்துக்கொண்டு, அவரை நரம்பு உளவியல் டாக்டரம்மாவிடம் அழைத்து வந்தார். துணைக்கு மகனும் வந்தான்.

டாக்டரம்மா ஒரு கருவியை நீட்டினார். கைப்பிடியை அழுத்தினால், பிடியின் பலத்தை முள் கிலோவில் காட்டும்.

“வலது கையால முழு பலத்தோட அழுத்துங்க ஐயா.”

அழுத்தினார்... நெற்றி நரம்பு புடைத்தது... கண்ணில் நீர் முட்டியது.

பதினொன்று!

“இன்னொரு தடவைம்மா! இந்தக் கையாலயும்தான் நெரிச்சேன்!”

பத்து.

“பலம் இல்லேன்னு நடிக்கலாம் ஐயா. இருக்குன்னு நடிக்க முடியாது.”

பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார். பார்க்கவே பாவமாக இருந்தது.

டாக்டரம்மா மகனிடம் திரும்பினார். “ஒப்பிட்டுப் பாக்கணும். நீங்களும் அழுத்துங்க.”

“எங்க குடும்பத்துக்கே கையில பலம் கிடையாது டாக்டர்...”

அழுத்தினான். ஒன்பது. கைப்பிடியின் அகலத்தை ஐந்து விதமாக மாற்றிக் கொடுத்தார். எல்லாவற்றிலும் ஒன்பது!

“அகலம் மாறினா பிடியோட பலமும் மாறும். நிஜமா அழுத்தினா முள் ஏறி இறங்கணும். உங்களுக்கு அசையவே இல்லையே?”

“அது... வந்து...”

“லாரி டயர் கழட்டுற கை, பக்கவாதக் கையைவிட வீக்கா? அப்புறம் இன்னொண்ணு... ஒப்பிட எனக்கு ஆளே தேவையில்ல. வயசுக்குத் தகுந்த அட்டவணை இருக்கு. உங்களை யாரும் சந்தேகப்படல. எதுக்கு நடிச்சீங்க?”

அவன் முகம் வெளிறியது. “அவ... புள்ளைய தூக்கிட்டுப் போறேன்னா. ஆத்திரத்துல...”

“பாவி!” பெரியவர் வெடித்து அழுதார். “கொஞ்சம் அழுத்தித் தொலைச்சிருக்கக் கூடாதாடா? பேத்திக்கு இனி யாருடா இருக்கா?”



இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்தார்.

“பாத்து தம்பி... கொஞ்சம் கனமா இருக்கும். உன் ஒன்பது கிலோ கை தாங்குமா?”