நின்ற காரணம்

ஆடிக் கிருத்திகை முடிந்த பன்னிரண்டாம் நாள் காலை ஒன்பதரைக்குக் கணேஷ்ராம் வழக்கம்போல் ஆபீஸ் பூட்டைத் திறந்தார். ஒரு காலத்தில் அரிசி ஆலையாக இருந்த கட்டடம் அது. முன்னறையில் மேசை, கம்ப்யூட்டர், பிரிண்டர். பின்னால் முதலாளி பரந்தாமனின் ஆறு பால் டேங்கர்கள் நிற்கிற கொட்டகை. ஆலை மூடிப் பத்து வருஷமாகியும் சுவரில் உமி வாடை அடிக்கும். அது பழகிப்போன வாடை.

அன்று இன்னொரு வாடையும் இருந்தது. திரிந்த பால்.

இரண்டு ஜன்னலையும் திறந்துவிட்டு உட்கார்ந்தார். முந்தின நாள் ரிப்போர்ட்டைப் பிரிண்டர் கக்கிவிட்டிருந்தது. எடுத்துப் பார்த்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

நாலாம் நம்பர் வண்டி. கனகம்மாசத்திரம். 12.10. பதினெட்டு நிமிடம்.

கடைசிக் கட்டம் காலியாக இருந்தது. நின்ற காரணம்.

நாலாம் நம்பர் வண்டி கொட்டகையில் தார்ப்பாய் போர்த்தி நின்றது. அதிலிருந்து கழற்றிய கருவி, ஒயரெல்லாம் வெட்டி, சிம் கார்டையும் எடுத்து, இந்த மேசையின் இழுப்பறையில்தான் இருந்தது. கணேஷ்ராம் இழுப்பறையைத் திறந்து தொட்டுப் பார்த்தார்.

வெதுவெதுப்பாக இருந்தது.

அந்தக் கருவிகள் வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. சோப்பு டப்பா அளவுதான். வண்டி எங்கே போகிறது, எங்கே நிற்கிறது, இன்ஜின் ஓடுகிறதா அணைந்ததா, எல்லாம் ஆபீஸ் திரையில் ஒரு புள்ளியாகத் தெரிந்துவிடும். ஓடினால் பச்சை, நின்றால் சிவப்பு. ஐந்து நிமிஷத்துக்கு மேல் நின்றால் மறுநாள் ரிப்போர்ட்டில் ஏறிவிடும். ஒவ்வொரு டிரைவராகக் கூப்பிட்டுக் காரணம் கேட்டுக் கடைசிக் கட்டத்தை நிரப்புவது கணேஷ்ராமின் வேலை. அவருடைய அப்பாவும் தாத்தாவும் மலைக்கோயில் மடப்பள்ளியில் வெந்தவர்கள். அவர் ஒருவர்தான் படியிறங்கி வந்து மேசையில் உட்கார்ந்தவர். முத்து முத்தான கையெழுத்து. அதற்காகவே பரந்தாமன் வைத்திருந்தார்.

டிரைவர்கள் அந்தக் கருவிக்கு மாமியார் என்று பெயர் வைத்திருந்தார்கள். வெங்கடேசன் என்கிற டிரைவர் ஒருமுறை, ஒண்ணுக்குப் போனதற்கும் காரணம் கேட்டபோது, "எத்தினி சொட்டுன்னும் எழுதிக்கோங்க சார், மாமியார் கேப்பா" என்றான். கொட்டகையே சிரித்தது. கணேஷ்ராம் சிரிக்காமல் 'இயற்கை உபாதை' என்று எழுதிக்கொண்டார்.

நாலாம் நம்பரை ஓட்டிய பச்சையப்பன் மட்டும் காரணம் சொன்னதே இல்லை. ஐம்பது வயது, அதிர்ந்து பேசாத மனிதர். தினமும் பகல் 12.10க்குக் கனகம்மாசத்திரத்தில் ஒரு வேப்பமரத்தடியில் பதினெட்டு நிமிஷம் நிற்பார். கேட்டால், "அது என் சொந்த விசயம்ங்க சார்" என்பார். அதோடு சரி.

பால் டேங்கர் ஒரே இடத்தில் தினமும் நின்றால் முதலாளிக்கு ஒன்றுதான் தோன்றும். பாலை இறக்கிவிட்டுத் தண்ணீர் ஊற்றுகிறான். பரந்தாமன் சொல்ல, கணேஷ்ராம் கடிதம் எழுதினார். "மேற்படி இடத்தில் தாங்கள் தினசரி வண்டியை நிறுத்துவது ஐயத்துக்கு இடமளிக்கிறது. இனி நிறுத்தினால் வேலையிலிருந்து நீக்கப்படுவீர்கள்." பச்சையப்பன் அதை இரண்டு முறை படித்து, நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அந்த இடத்தில் வண்டி நிற்கவில்லை.

ஆடிக் கிருத்திகை அன்று ரோடே காவடிதான். கார், வேன், பஸ் எல்லாம் இரண்டு பக்கமும் அடைத்துக்கொள்ள, கனகம்மாசத்திரத்துக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால் நாலாம் நம்பர் மாட்டிக்கொண்டது. பன்னிரண்டரைக்குப் புள்ளி சிவப்பானது. பச்சையப்பன் இன்ஜினை அணைத்துவிட்டார். பரந்தாமன் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கணேஷ்ராம் தன் செல்லிலிருந்து கூப்பிட்டார். மணி 12.38.

நூறு ஹாரன்களுக்கு நடுவே பச்சையப்பன் குரல் மூச்சு வாங்கியது. வண்டியை விட்டு இறங்கி நடந்துகொண்டிருந்தார்.

"ரெண்டே நிமிசம்ங்க சார். பசிக்குது."

"பால் திரிஞ்சா யார் பதில் சொல்றது? போய் வண்டியில ஏறுங்க பச்சையப்பன். சீட்டை விட்டு அசையக் கூடாது."

"ஆங்... சரிங்க சார்."

ஐம்பது விநாடிப் பேச்சு.

இரண்டரைக்கு நெரிசல் கலைந்தபோது நாலாம் நம்பர் மட்டும் நகரவில்லை. பச்சையப்பன் ஸ்டியரிங் மேல் கவிழ்ந்திருந்தார். அந்த ஹாரன் விடாமல் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. அத்தனை ஹாரனுக்கு நடுவில் ஒன்று மட்டும் ஓயாததை யாரும் கவனிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் இதயம் நின்றுவிட்டது என்று எழுதிக் கொடுத்தார்கள். பால் திருட்டில் மாட்டிக்கொள்வோம் என்ற பயத்தில் நின்றிருக்கும் என்று பரந்தாமன் கொட்டகையில் சொன்னார். அந்தப் பேச்சு ஊருக்குள் போயிற்று. அந்தப் போனைப் பற்றிக் கணேஷ்ராம் யாரிடமும் வாய் திறக்கவில்லை. பச்சையப்பன் நம்பரைத் தன் செல்லிலிருந்து அழித்துவிட்டார். மனசில் இருந்து அழியவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் பச்சையப்பன் மனைவி ஜெயம்மா ஆபீசுக்கு வந்தாள். நாற்காலியில் உட்காரவில்லை.

"அவரு பால் திருடுனாருன்னு சொல்லிகினு இருக்காங்க சார். நீங்கதான் எல்லாத்தையும் பாத்துகினு இருந்தீங்க. அங்க எதுக்கு நின்னாரு? அது மட்டும் சொல்லுங்க."

தெரியவில்லையம்மா என்றார். உண்மைதான், அவருக்குத் தெரியாது. அவள் போன பிறகும் அந்த உண்மை அவருக்கு ஆறுதலாக இல்லை.

அதற்கு அடுத்த நாள்தான் இந்த ரிப்போர்ட்.

பரந்தாமன் பார்ப்பதற்குள், 'மெஷின் கோளாறு' என்று எழுதிக் கோப்பில் வைத்தார். மறுநாள் அதே வண்டி, அதே இடம், அதே நேரம். முப்பத்தாறு நிமிடம். 'டயர் பஞ்சர்' என்று எழுதினார். அடுத்த நாள் ஐம்பத்து நாலு. பொய் ஒன்று எழுதினால் பதினெட்டு நிமிஷம் கூடியது. பால் வாடை அவர் சட்டையில் ஏறிக்கொண்டது. வீட்டில் மனைவி காமேஸ்வரி இரண்டு முறை துவைத்தும் போகவில்லை.

நாலாம் நாள் ஒன்றும் எழுதாமல் பஸ் ஏறிக் கனகம்மாசத்திரத்தில் இறங்கினார். உச்சி வெயில். வேப்பமரம் ரோட்டோரத்தில் நின்றது. அதன் நிழலில் ஒன்றுமில்லை.

மணி 12.10 ஆனது. தரையில் சொட்டென்று ஒரு கருப்புத் துளி விழுந்தது. பக்கத்தில் இன்னொன்று. இன்ஜின் ஆயில்.

மேலே கிளைதான் இருந்தது.

மரத்துக்கு எதிரே ஓலை வேய்ந்த சாப்பாட்டுக் கடை. நடத்துகிறவள் மணியம்மை. உள்ளே போய் உட்கார்ந்தவருக்கு அவள் இலை போட்டாள். பால் டேங்கர் ஒன்று இங்கே நிற்குமே என்று மெதுவாகக் கேட்டார்.

அவள் சாம்பார் வாளியைக் கீழே வைத்தாள்.

பச்சையப்பனுக்குச் சர்க்கரை. மாத்திரை கேட்காமல் ஊசிக்கு வந்துவிட்டது. முதலாளிக்குத் தெரிந்தால் ஸ்டியரிங்கைத் தொட விடமாட்டார். வீட்டில் தெரிந்தால் ரோட்டுக்கே விடமாட்டாள். அதனால் மருந்துப் புட்டியை இவள் கடையில் ஈரப் பானைக்குள் வைத்திருந்தார். தினமும் வந்து, ஊசி போட்டு, சாப்பிட்டுவிட்டுப் போகப் பதினெட்டு நிமிஷம். நிற்கக் கூடாது என்று ஆபீசில் கடிதம் கொடுத்த பிறகு புட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கிளம்பும்போதே ஊசி போட்டுக்கொண்டு வருவார். இவள் பொட்டலத்தோடு ரோட்டில் நிற்க, ஓட்டம் குறைத்து ஜன்னல் வழியாக வாங்கிக்கொள்வார்.

"ஊசி போட்டா அரை மணிக்குள்ள வாயில எதுனா போட்டாகணும்னு சொல்வாரு. கிருத்திகை அன்னிக்கி வண்டி அங்கயே நின்னுபோச்சு. நான் பொட்டலத்த வச்சிகினு நிக்கிறேன். நடந்து வந்துகினு இருந்தாரு, கண்ணால பாத்தேன். யாரோ போன்ல கூப்புட்டாங்க. அப்டியே திரும்பிப் போய்ட்டாரு." அவள் குரலைத் தாழ்த்தினாள். "யாருன்னு தெரிஞ்சா ஒரு வார்த்தை கேக்கணும்ங்க."

கணேஷ்ராம் பிசைந்த சோறு கையிலேயே காய்ந்தது.

அன்று மாலை ஆபீசில் உட்கார்ந்து ஜெயம்மாவுக்குக் கடிதம் எழுதினார். நின்ற இடம், ஊசி, பானை, பொட்டலம், எல்லாம் வரிசையாக. தங்கள் கணவர் ஒரு சொட்டுப் பாலும் எடுத்தவரல்ல என்று எழுதினார். போன் வந்த இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது. 'அன்றைய நெரிசலில் உணவு கிடைக்காமல்' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, ஒரு நகலைப் பரந்தாமன் மேசையில் வைத்துவிட்டு, உறையில் போட்டு ஒட்டிவிட்டார். பொய் ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டார். ஒரு வரி குறைவு, அவ்வளவுதான்.

மறுநாள் ரிப்போர்ட்டில் நாலாம் நம்பர் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. பால் வாடை போயிற்று. ஜெயம்மா கடிதத்தை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய்ப் படித்துக் காட்டினாளாம். ஆபீசுக்கு வந்து அவருடைய காலைத் தொடக் குனிந்தாள். அவர் பதறிப் பின்வாங்கியதைப் பெருந்தன்மை என்று எண்ணிக்கொண்டு போனாள்.

வெள்ளிக்கிழமை பகல் திரையில் ஒரு புள்ளி கூடுதலாக இருந்தது.

ஊருக்குள் இருந்தது. டேங்கர் நுழைய முடியாத தெருவில், மலையடிவாரத்தில். கணேஷ்ராம் திரைக்கு அருகே குனிந்தார்.

அவருடைய வீடு.

புள்ளி சிவப்பாக இருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தபோது பச்சையாகி, அணைந்தது.

சைக்கிளை மிதித்து வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது காமேஸ்வரி கூடத்தில் விளக்குமாறும் கையுமாக நின்றிருந்தாள். நுனி இலை ஒன்று தரையில் கிடந்தது. சாதம், பருப்பு, நெய். ஓரத்தில் பிசைந்து உருட்டிய கவளம் ஒன்று, வாய்க்குப் போகாமல்.

"ஏன்னா, உங்க ஆபீஸ் டிரைவர் ஒருத்தர் வந்தார். காக்கிச் சட்டை. பசிக்குதும்மான்னு வாசல்ல நின்னார். முகமெல்லாம் வேர்த்து, கை நடுங்கறது. பாவமா இருந்தது, உள்ள கூப்பிட்டு இலை போட்டேன்."

"சாப்ட்டாரா?"

"எங்க சாப்ட்டார். முதல் வாய் எடுக்கறச்சே போன் வந்துடுத்து. ஆங், சரிங்க சார்னார். அப்படியே எழுந்து போய்ட்டார். மோர் எடுத்துண்டு வரேன், ஆளைக் காணோம்." அவள் இலையைப் பார்த்தாள். "சாப்பிடறவாளை எழுப்பறதுக்கு யாருக்கு மனசு வரும், சொல்லுங்கோ."

கணேஷ்ராம் சட்டைப்பையிலிருந்து செல்லை எடுத்தார். காலையிலிருந்து அதை அவர் தொடவே இல்லை. தான் கூப்பிட்ட அழைப்புகளின் வரிசையைத் திறந்தார்.

முதல் வரியில் பெயர் இல்லை. நம்பர் மட்டும்.

இன்று, 12.38.

பேசிய நேரம், ஐம்பது விநாடி.