இருபத்தேழாம் நம்பர் டப்பா

திங்கட்கிழமை. காலை 6.40.

தோல் பதனிடும் டேனரியில் மூன்றாவது டிரம் மட்டும் சுற்றாமல் நின்றிருந்தது. அதைச் சுற்றவிட வேண்டிய ரஷீத் அஹமது ஈரத் தோல் அடுக்கின் மேல் சாய்ந்து கிடந்தார். நோன்பு மாதம். விடியலுக்கு முன் சஹர் சாப்பாடு முடித்து வந்த அசதியில் கண்ணயர்ந்துவிட்டார் என்றுதான் வாட்ச்மேன் நினைத்தான். தோளைத் தொட்டு உலுக்கினான். கண்கள் திறந்தன. வெள்ளை இருக்க வேண்டிய இடமெல்லாம் மஞ்சள்.

புதன்கிழமை விடியற்காலை வேலூர் ஆஸ்பத்திரியில் உயிர் போனது. ஈரல் மொத்தமாகச் செத்துவிட்டது என்றார்கள். வயது நாற்பத்திரண்டு. பீடி கிடையாது, குடி கிடையாது. ஒன்று மட்டும் உண்டு. ஆறு வாரமாக ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு மாத்திரை. எந்தக் கடையிலும் கிடைக்காத, இன்னும் பெயர்கூட வைக்காத மாத்திரை.

புதன்கிழமை. காலை 7.30.

ஃபீபி உப்பு ஜாடிக்குள் விரலை விட்டாள். உப்புக்கு முன்னால் கையில் வந்தது, ஈரம் உறிஞ்ச ஷூ பெட்டிக்குள் போடுகிற வெள்ளைப் பொட்டலம். புருஷன் ஜெஸ்டனின் வேலை. ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் இருக்கிறான். உப்பு ஜாடி, கல்யாண ஆல்பம், சர்டிபிகேட் ஃபைல் என்று ஈரம் பிடிக்கிற எதைக் கண்டாலும் ஒன்றைப் போட்டுவிடுவான். ஆம்பூரில் ஷூ கம்பெனிக்காரர்கள் வீடு பாதி அப்படித்தான்.

அப்போதுதான் போன் அடித்தது. ரஷீத் செத்துப்போனதை அவள் வேலை பார்க்கும் இடத்து டாக்டர் அம்பரீன் இரண்டே வரியில் சொல்லி வைத்துவிட்டார்.

ஃபீபி ஃப்ரிட்ஜ் மேலே பார்த்தாள். அங்கே ஜெஸ்டனின் மாத்திரை டப்பா இருந்தது. முப்பத்தொன்றாம் நம்பர்.

அவள் வேலை பார்ப்பது பைபாஸ் ரோட்டில், மாடியில் இரண்டு அறை கொண்ட மருந்தாய்வு மையத்தில், நர்ஸாக. டேனரியிலும் ஷூ கம்பெனியிலும் வேலை செய்கிறவர்கள் கையில் வருகிற தீராத அரிப்புக்கு ஒரு புது மருந்து. நாற்பது பேர். இருபது பேருக்கு அசல், இருபது பேருக்கு அதே நிறத்தில் அதே வடிவத்தில் வெறும் மாவு. யாருக்கு எது என்பது டாக்டருக்கும் தெரியாது, நர்ஸுக்கும் தெரியாது, சாப்பிடுகிறவருக்கும் தெரியாது. தெரிந்தால் மனசு ஒரு பக்கம் சாய்ந்துவிடும், ஆய்வு கெட்டுவிடும். மருந்துக் கம்பெனி ரகசியப் பட்டியலைத் தன்னிடமே வைத்திருந்தது.

கையெல்லாம் வெடித்து வேலை போகிற நிலையில் ஜெஸ்டன் அதில் சேர்ந்தான். சேர்த்துவிட்டவர் அவன் அப்பா ஞானமுத்து. மையத்தின் மருந்து அறைப் பொறுப்பு அவருடையது.

“மாமா, இன்னிக்கு ராத்திரி இவர் மாத்திரை போட வேணாம்,” என்றாள் ஃபீபி. 

ஞானமுத்து இட்லியிலிருந்து கையை எடுக்கவில்லை. “போடட்டும்மா. அவனுக்கு ஒண்ணும் ஆகாது.”

காலை 11.15.

மையத்தின் மேஜை மேல் இருபத்தேழாம் நம்பர் டப்பா இருந்தது. கொண்டுவந்தது ரஷீத்தின் மனைவி வஜீதா. அழுது முடித்த முகம். எதிரே, ஆஸ்பத்திரி சொல்லி விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டர் தேவகி. வந்ததும் சுவரில் ஒட்டியிருந்த ஊழியர் பட்டியலைப் படித்து, விசாரித்து, சிரிக்காமல் சொன்னார்.

“மாமனார் மாத்திரை எண்றாரு. மருமக வாராவாரம் நலம் விசாரிக்கறா. மகன் முழுங்கறான். இது ஆராய்ச்சியா, குடும்ப விருந்தா?”

ஞானமுத்து பதிவேட்டை எடுத்து மேஜையில் வைத்தார், பக்கத்தில் ஃபீபி ஒரு தட்டை வைத்தாள்.

தேவகி வஜீதாவிடம் மெதுவாகத்தான் கேட்டார். புருஷனுக்கு எப்போதிலிருந்து உடம்பு சரியில்லை? வஜீதாவுக்கே அது தெரியவில்லை. பத்து நாளாகச் சோர்வு. நோன்புக் களைப்பு என்று விட்டுவிட்டாள். சிறுநீர் காபி நிறத்தில் போகிறது என்றார். பகலெல்லாம் தண்ணி குடிக்காததால் என்று இருவருமே நினைத்தார்கள். நோன்பு திறக்கும் இஃப்தார் வேளையில் கஞ்சியைக்கூட ஒதுக்கினார். ஃபீபி வாராவாரம் போன் செய்து கேட்டபோதெல்லாம் அவர் சொன்னது ஒரே பதில்தான்: நோன்புதானே, சிஸ்டர்.

“அரிப்பு எப்டி இருந்துச்சு?”

“மொத மூணு வாரம் ஒண்ணும் கேக்கல. நோன்பு ஆரம்பிச்சதும் பட்டுனு நின்னு போச்சு. கை குழந்த கை மாதிரி ஆயிடுச்சு. நோன்போட பர்கத்து, அல்லாவோட அருள்னு சந்தோஷப்பட்டார் மேடம்.” 

தேவகி டப்பாவைத் தட்டில் கவிழ்த்தார். வெளிர் மஞ்சள் மாத்திரைகள் உருண்டன. கூடவே ஒரு சின்ன வெள்ளைப் பொட்டலம்.

“இது இன்னாது?”

“ஈரம் படாம இருக்க, மேடம். கம்பெனியே போட்டு அனுப்புவான்,” என்றார் ஞானமுத்து.

தேவகி அதை விரலால் ஓரம் தள்ளிவிட்டு மாத்திரைகளை எண்ணினார். பதிவேட்டோடு ஒத்துப்பார்த்தார். மூன்று வாரத்துக்கு முன் எல்லோரும் டப்பாவோடு வந்த முதல் எண்ணிக்கை நாளில், இருபத்தேழாம் நம்பருக்கு எதிரே ஞானமுத்துவின் கையெழுத்து: ஒரு மாத்திரை குறைவு, கீழே விழுந்தது.

“அவரு ஒண்ணையும் கீழ போடலியே,” என்றாள் வஜீதா. “தினமும் நான்தான எடுத்துக் குடுப்பேன்.”

மதியம் 12.50.

மருந்துக் கம்பெனி ரகசியத்தை உடைத்தது. அம்பரீன் கம்ப்யூட்டர் திரையை இரண்டு தடவை படித்தார். இருபத்தேழாம் நம்பர்: வெறும் மாவு.

“அப்போ நம்ம மருந்து கொல்லல.” அம்பரீன் நாற்காலியில் சாய்ந்தார். மற்றவர்கள் வழக்கம்போல இன்று இரவும் மாத்திரையைத் தொடரலாம் என்று கம்பெனியின் கடிதமும் கூடவே வந்திருந்தது.

தேவகியின் பார்வை வஜீதா பக்கம் திரும்பியது. கேள்விகளின் தொனி மாறியது. வீட்டில் நாட்டு மருந்து உண்டா? சண்டை உண்டா? கஞ்சியில் என்னென்ன போடுவாள்? வஜீதா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஃபீபிக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. வெறும் மாவு தின்ற மனிதனுக்கு மூன்று வாரம் கழித்துத் திடீரென்று அரிப்பு எப்படி நிற்கும்? ஈரல் எப்படிச் சாகும்? எட்டு மணிக்கு ஜெஸ்டன் சாப்பிட்டு முடிப்பான். ஃப்ரிட்ஜ் மேலே கை நீட்டுவான்.

பிற்பகல் 2.30.

வீட்டில் யாரும் இல்லை. பசித்தும் சோறு இறங்கவில்லை. மோருக்கு உப்பெடுக்க ஜாடியைத் திறந்தாள். மறுபடியும் அதே பொட்டலம் விரலில் தட்டியது. எடுத்தாள். நீல எழுத்தில் ஏதோ வெளிநாட்டு மொழி. ஜெஸ்டனின் கம்பெனியிடம் ஷூ வாங்குகிற நாட்டின் மொழி.

இதே நீல எழுத்தைக் காலையில் பார்த்தாள். மேஜையில். தட்டின் ஓரத்தில்.

 ஸ்டூலைப் போட்டு ஏறி முப்பத்தொன்றாம் நம்பர் டப்பாவை எடுத்து உள்ளங்கையில் கொட்டினாள். மாத்திரை மட்டும்தான். வேறு எதுவும் இல்லை.

ஜெஸ்டனுக்குப் போன் போட்டாள். பின்னால் மெஷின் சத்தம். இரண்டு கேள்விதான் கேட்டாள். மாத்திரை டப்பாவில் ஷூ பொட்டலம் போட்டானா? டேனரியில் ரஷீத் என்று யாரையாவது தெரியுமா?

“மொத நாளே போட்டேன். இன்னும் உள்ளதான இருக்கும்? ரஷீத்தா? மூஞ்சிகூட தெரியாதே. ஏன்?”

ஃபீபி மாத்திரைகளை டப்பாவுக்குள் திரும்பப் போட்டாள். ஒரு மாதத்துக்கு முன் பிரியாணி வாசனைக்கே குமட்டுகிறது என்று தட்டை நகர்த்தின ஜெஸ்டன் நினைவுக்கு வந்தான். நோன்பு தொடங்கின வாரத்திலிருந்து நன்றாகச் சாப்பிடுகிறான். ஆனால் மணிக்கட்டை மறுபடி சொறிகிறான்.

காலையில் இட்லித் தட்டின் முன் கேட்ட குரலும் நினைவுக்கு வந்தது: அவனுக்கு ஒண்ணும் ஆகாது. அப்போது மணி ஏழரை. பட்டியல் உடைந்ததோ பன்னிரண்டு ஐம்பதுக்கு.

மாலை 6.00.

மருந்து அறையில் ஐந்து பேர் நின்றார்கள். வஜீதா கதவோரம். ஃபீபி அலமாரியிலிருந்து முத்திரை உடையாத ஒரு புது டப்பாவை எடுக்கச் சொன்னாள். ஞானமுத்து எடுத்துக் கொடுத்தார். தேவகி முத்திரையைக் கிழித்துத் தட்டில் கொட்டினார்.

மாத்திரைகள். வேறெதுவும் இல்லை.

“மூடியப் பாருங்க மேடம். ஈரம் உறிஞ்சற மருந்து மூடிக்குள்ளயே பதிச்சிருக்கு. இந்த டப்பாவுக்குப் பொட்டலம் தேவையில்ல. கம்பெனி போடறதும் இல்ல.” ஃபீபி கைப்பையிலிருந்து உப்பு ஜாடிப் பொட்டலத்தை எடுத்து, ரஷீத்தின் டப்பாவிலிருந்து வந்ததன் பக்கத்தில் வைத்தாள். ஒரே நீல எழுத்து. “இது ஷூ பெட்டிப் பொட்டலம். ரஷீத் பாய் வேல பாத்தது டேனரில. அங்க ஈரத் தோல்தான், இதெல்லாம் வராது. அக்கா, உங்க வீட்ல யாராவது ஷூ கம்பெனிக்குப் போறாங்களா?”

வஜீதா இல்லை என்று தலையாட்டினாள்.

“இத முப்பத்தொண்ணாம் நம்பர் டப்பால போட்டது என் புருஷன். மொத நாளே. அந்த டப்பால இருந்த எல்லாமே, பொட்டலத்தோட சேந்து, இருபத்தேழுக்குப் போயிருக்கு. இருபத்தேழோட மாவு எங்க வீட்டு ஃப்ரிட்ஜ் மேல இருக்கு. ரெண்டு டப்பாவும் ஒரே நாள்ல, ஒரே அறைல, ஒருத்தர் கைல இருந்துச்சு. எண்ணிக்கை நாள்ல இந்த அறைக்குள்ள வேற யாருக்கும் அனுமதி கெடையாது.”

அவள் மாமனார் பக்கம் திரும்பினாள். 

“நாப்பது டப்பா எண்ணுனீங்க மாமா. வேற ஒண்ணுலயும் பொட்டலம் இல்லன்னு தெரிஞ்சும், காலைல கம்பெனி போடறதுன்னீங்க. ஆனா நம்ம வீட்ல இது எங்க பாத்தாலும் கெடக்கும், கண்ணுலயே படாது. அன்னிக்குக் கொட்டறப்பவும் உங்க கண்ணுல படல.”

ஞானமுத்து அலமாரியைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் சொன்னார்.

போன வருஷம், கல்யாணத்துக்கு முன்னால், ஜெஸ்டனுக்கு மஞ்சள்காமாலை வந்திருந்தது. அது வந்தவர்களை இந்த ஆய்வில் சேர்க்கக்கூடாது என்பது முதல் விதி. அதை மறைத்துப் படிவத்தை நிரப்பியது அவர்தான். வெடித்த கையோடு மகன் வேலையை இழப்பதைப் பார்க்க முடியவில்லை. மூன்றாவது வாரம் மகனின் கண்ணில் மஞ்சள் தட்டியதை அவர்தான் முதலில் பார்த்தார். டாக்டரிடம் சொன்னால் மறைத்தது வெளியே வரும். மாத்திரையை நிறுத்தினால் எண்ணிக்கை உதைக்கும். அரிப்பு கொஞ்சமும் குறையவில்லை என்று எண்ணிக்கை நாளில் புலம்பியவர் ரஷீத். ரஷீத்தின் டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்து நாக்கில் தொட்டுப் பார்த்தார். கசக்கவில்லை. மகனுடையதைக் கடித்துத் துப்பினார், கசந்தது.  குறைந்த அந்த ஒன்றை ரஷீத்தின் கணக்கில் கீழே விழுந்ததாக எழுதினார். இரண்டு டப்பாவிலும் இருந்ததை மாற்றிவிட்டார்.

“நல்ல திடகாத்திரமான ஆளு,” என்றார் தரையைப் பார்த்து. “ஜெஸ்டன் ஈரல் ஏற்கெனவே கெட்டது, அதான் அவனுக்கு ஒத்துக்கல, இவருக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன்.”

“ஆகும்னு தெரிஞ்சிருந்தா, மாத்தியிருக்க மாட்டீங்களா?” வஜீதாதான் கேட்டாள்.



பள்ளிவாசலிலிருந்து பாங்கு ஒலித்தது. நோன்பு திறக்கிற நேரம். யாரோ நீட்டிய தண்ணீர் டம்ளரை வஜீதா வாங்கினாள். குடிக்கவில்லை.

“இன்னும் பத்தொம்பது பேரு அசல் மருந்து முழுங்கறாங்க, மிஸ்டர் ஞானமுத்து,” என்றார் தேவகி. “மூணு வாரமா இது ஈரலத் தின்னுதுன்னு தெரிஞ்சவர் இந்த ஊர்ல நீங்க ஒருத்தர்தான். வாங்க.”

படியிறங்கும்போது ஞானமுத்து மருமகளிடம் ஒன்றே ஒன்றைக் கேட்டார். ஜெஸ்டனிடம் சொல்ல வேண்டாம் என்று. ஃபீபி திரும்பி மாடி ஏறினாள்.

இரவு 7.50.

மேஜையில் முப்பத்தெட்டு போன் நம்பர்கள். பாதி அம்பரீனுக்கு, பாதி ஃபீபிக்கு. மாத்திரை போட வேண்டாம். கண்ணைக் கண்ணாடியில் பாருங்கள். நாளைக் காலை ஆறு மணிக்கு ரத்தம் கொடுக்க வாருங்கள். அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். நாலாவது ஆள், அசதியாத்தான் இருக்கு சிஸ்டர், நோன்புதானே, என்றான். ஃபீபி எழுந்து நின்றுவிட்டாள். உடனே கிளம்பி வேலூருக்குப் போகச் சொன்னாள்.

புருஷன் தப்பித்துவிட்டான் என்ற எண்ணம் நடுவே வந்தது. அதில் ஒரு நிம்மதி இருந்தது. அந்த நிம்மதியைப் பார்த்து அவளுக்கே பயமாக இருந்தது. மாமாவுக்கும் அன்றைக்கு இப்படித்தான் இருந்திருக்கும்.

போன் அடித்தது. ஜெஸ்டன்.

“சாப்ட்டேன். மாத்திரை போடட்டுமா, வேணாமா? அப்பா எங்க, போனே எடுக்கல. இன்னிக்குக் கை ரொம்ப அரிக்குது ஃபீபி.”

ஃபீபி கண்ணை மூடிக்கொண்டாள்.

“அரிக்கட்டும்,” என்றாள். “நான் வந்து சொல்றேன்.”

போனை வைத்தாள். ஐந்தாவது நம்பரை அழுத்தினாள்.