சேறு விடாத கழி

கழி உள்ளே போனது. வெளியே வரவில்லை.

வார்த்தினியின் அம்மா ரெஸ்மி படகின் பின்முனையில் காலை அகட்டி நின்று கழியை இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் பலமாக இழுத்தாள். கழி மேலே வருவதற்குப் பதிலாகப் படகு பின்னால் போனது.

"அம்மா, வந்த வழியே திரும்பிப் போறோம்" என்றாள் முன்முனையில் உட்கார்ந்திருந்த வார்த்தினி.

"எனக்கும் கண்ணு இருக்குடி."

இந்தப் புதிர்தான் ஒரு வாரமாக இருவரையும் பாடாய்ப் படுத்தியது. அலையாத்திக் காட்டின் ஓடைகளில் மோட்டார் போட முடியாது. மரங்களின் வேர்கள் தண்ணீருக்குள் விரல் விரலாக இறங்கி நிற்கும். மோட்டாரின் விசிறி அதில் சிக்கிக்கொள்ளும். அதனால் நீண்ட மூங்கில் கழியைச் சேற்றில் ஊன்றித்தான் தள்ள வேண்டும். அம்மா தள்ளினால் படகு ஒரு படகு நீளம் முன்னே போகும். அதெல்லாம் சரி. ஆனால் மறுபடி ஊன்றுவதற்காகக் கழியை எடுக்க வேண்டுமே? எடுக்க இழுத்தால், படகு அரைப் படகு நீளம் பின்னே வந்துவிடும். சில சமயம் முழு நீளமும் வந்துவிடும்.

கடைசியில் அன்றும் டர்சா மாமாதான் வந்து கயிறு போட்டு இழுத்துப் போனார். படகில் இருந்த சுற்றுலா விருந்தாளிகள் சிரித்துக்கொண்டே ஃபோனில் படம் எடுத்தார்கள். வார்த்தினிக்குக் காது வரை சூடேறியது.

டர்சா மாமா லெம்பொங்கான் தீவின் ஓடைப் படகுக்காரர்களுக்குத் தலைவர். எட்டுப் படகுகள், ஒரே வரிசை. முறை வைத்துத்தான் போக வேண்டும். இடம் கேட்டு இன்னும் மூன்று பேர் காத்திருந்தார்கள்.

கரைக்கு வந்ததும் அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"ரெஸ்மி, உன் வீட்டுக்காரனுக்குத் தோள் எலும்பு முறிஞ்சது பாவம்தான். இல்லேங்கல. ஆனா ஒரு படகு நின்னா பின்னாடி ஏழு படகும் நிக்குது. நாளைக்கும் கயிறு போட வெச்சேன்னா, உன் இடத்தை வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன்."

அம்மா தலையைக் குனியவில்லை.

"நாளைக்கு வருவோம் அண்ணே. நீங்க கயிறை வீட்டுலயே வெச்சிட்டு வாங்க."

டர்சா மாமாவின் மகன் காடேக் 'கெக்கே' என்று சிரித்தான். அவனுக்குப் பதின்மூன்று வயது. வார்த்தினியைவிட இரண்டு வயது பெரியவன். அந்த இரண்டு வயதை இருபது வயதாக நினைத்துக்கொண்டிருந்தான்.

"பாசிக்காரிகளுக்குச் சேத்துல நடக்கத்தான் தெரியும். சேத்துல படகு தள்ளத் தெரியாது!"

"உன் வாய்லதான் மோட்டார் இருக்கே" என்றாள் வார்த்தினி. "அதைக் கழட்டி உங்க படகுல மாட்டு. கழியே வேணாம்."

அம்மா கடற்பாசி வளர்ப்பவள். இருபது வருடமாக, கடல் வற்றும் நேரத்தில் முழங்கால் சேற்றில் நடந்து பாசிப் பாத்திகளைக் கவனிக்கிறாள். பள்ளி விடுமுறையில் வார்த்தினியும் கூடப் போவாள். 'பாசிக்காரி' என்பது அவளுக்குத் திட்டாகவே தெரிந்ததில்லை. காடேக் சொன்ன விதம்தான் எரிச்சலூட்டியது.

வீட்டில் அப்பா கையைத் துணியால் கழுத்தோடு தூக்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அப்பா, நீங்க எப்படிக் கழியை எடுப்பீங்க?"

"எப்படின்னா... எடுப்பேன்."

"அதான், எப்படி?"

அப்பா யோசித்தார். நல்ல கையால் துடைப்பத்தை எடுத்தார். முற்றத்துச் சிமெண்ட் தரையில் ஊன்றினார். "இங்க பாரு. குத்து. தள்ளு. எடு. முடிஞ்சுது."

"இன்னொரு தடவை."

"குத்து. தள்ளு. எடு."

துடைப்பம் சமர்த்தாக மேலே வந்தது.

"சிமெண்ட் தரை விட்டுடும்" என்றாள் அம்மா. "சேறு விடணுமே!"

அப்பா துடைப்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "பதினெட்டு வருஷமா எடுக்கறேன். எப்படி எடுக்கறேன்னு ஒருத்தரும் கேட்டதில்ல" என்றார் பாவமாக.

வார்த்தினிக்கு ஒரு யோசனை வந்தது. கழியின் அடிமுனையில் தேங்காய் எண்ணெய் தடவினால் வழுக்கிக்கொண்டு வருமே? காலையில் எழுந்ததும் கால் சீசா எண்ணெயைத் தடவி, கழியைப் படகுத்துறையில் முயன்று பார்த்தார்கள். எண்ணெய் அடிமுனையில் நிற்கவில்லை. தண்ணீரில் மிதந்து, கழியோடு ஏறி, அம்மாவின் கைக்கு வந்துவிட்டது. கழி சேற்றிலேயே நின்றது. அம்மாவின் கை மட்டும் வழுக்கிக்கொண்டு மேலே வந்தது.

"வழுக்க வேண்டியது வழுக்கலையே" என்றாள் அம்மா.

கழியின் பக்கத்துச் சேற்றைத் தோண்டி அதை மீட்டு, மணலும் சாம்பலும் போட்டுத் தேய்த்துக் கழுவினார்கள். அம்மா எப்போதும் போலத் தென்னங்குருத்துத் தட்டில் பூவும் ஒரு பிஸ்கட்டும் வைத்து, ஊதுபத்தி ஏற்றி, படகின் முன்முனையில் படைத்தாள்.

அவர்கள் முறை மதியத்துக்குப் பிறகுதான் வந்தது. கடல் வற்றத் தொடங்கியிருந்தது. தண்ணீர் குறையக் குறையப் படகு சேற்றுக்குப் பக்கமாக வரும். கழி இன்னும் ஆழமாகச் சேற்றுக்குள் இறங்கும். இருப்பதிலேயே மோசமான நேரம் அதுதான்.

சுரபாயா நகரத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் படகில் ஏறியது. அப்பா, அம்மா, ஆறு வயதுப் பையன் பகாஸ். பகாஸின் முகத்தில் பெரிய நீர்க்கண்ணாடி இருந்தது. கண்ணோடு மூக்கையும் மூடும் கண்ணாடி அது. தலைக்கு மேல் மூச்சுக்குழல் கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது.

"காலையில பவளப்பாறையில மீன் பார்க்கப் போனோம்" என்றார் அவனுடைய அப்பா. "அப்ப மாட்டினவன்தான். சோறு தின்னதும் இதோடதான்."

"கழட்ட மாட்டேன்!" என்றான் பகாஸ். மூக்கு மூடியிருந்ததால் அவன் குரல் டப்பாவுக்குள்ளிருந்து பேசுவது போல இருந்தது.

படகு கிளம்பியது. நேராகப் போகும் ஓடையில் எப்படியோ சமாளித்தார்கள். முதல் வளைவு வந்தது. அம்மா ஊன்றினாள். தள்ளினாள். இழுத்தாள்.

வரவில்லை.

பின்னால் டர்சா மாமாவின் படகு வந்தது. விருந்தாளிகள் யாரும் இல்லை. காடேக்கும் ஒரு சுருள் கயிறும் மட்டும் இருந்தன.

"கயிறைக் கொண்டு வந்துட்டாங்க" என்று முணுமுணுத்தாள் அம்மா.

"காடேக், எடுடா கயிறை" என்றார் டர்சா மாமா.

வார்த்தினி எழுந்து நின்றாள். படகு ஆடியது.

"கயிறு வேணாம் மாமா! நாங்க கேட்கல!"

"ஏய், உட்காரு. பின்னாடி படகு வருது."

"வரட்டும். நீங்க எங்க பக்கத்துல வந்து சேர்ற வரைக்கும் எங்களுக்கு நேரம் இருக்கு. அதுவரைக்கும் யாரும் கட்டக் கூடாது!"

டர்சா மாமாவின் புருவம் மேலே ஏறியது. "சரி. வந்து சேர்ற வரைக்கும்" என்றார். கழியை ஊன்றினார்.

தண்ணீருக்கு மேலே இருந்து எவ்வளவு பார்த்தாலும் இந்தப் புதிர் விளங்கவில்லை. விஷயம் தண்ணீருக்கு அடியில் நடக்கிறது. அப்படியென்றால் அங்கே போய்த்தான் பார்க்க வேண்டும். வார்த்தினி பகாஸைப் பார்த்தாள்.

"தம்பி, கண்ணாடியைக் கொடு."

"மாட்டேன்!"

"இந்தப் படகுல கேப்டன் உட்கார்ற இடம் எது தெரியுமா? நான் உட்கார்ந்திருந்தேனே, அந்த முன்முனை. கண்ணாடி எனக்கு. இடம் உனக்கு."

பகாஸ் ஒரு நொடி யோசித்தான். கண்ணாடியைக் கழற்றினான். முகத்தைச் சுற்றிச் சிவப்பாக வட்டம் விழுந்திருந்தது. ஒரே தாவலில் முன்முனைக்குப் போய்விட்டான்.

வார்த்தினி வாரை இறுக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். மார்பளவு தண்ணீர். கால் சேற்றில் புதைந்தது. குழலை வாயில் கவ்விக்கொண்டு முகத்தை உள்ளே வைத்தாள்.

உள்ளே தேநீர் நிறம். ஆனாலும் இரண்டு முழத் தூரம் தெரிந்தது. அம்மாவின் கழி சேற்றுக்குள் இறங்கியிருந்தது. அதைச் சுற்றிச் சேறு இடைவெளியே இல்லாமல் ஒட்டியிருந்தது, உறிஞ்சுகுழலைச் சுற்றி உதடு ஒட்டியிருப்பது போல. இழுக்கச் சொல்லி அவள் கையை வெளியே நீட்டி ஆட்டினாள். அம்மா இழுத்தாள். கழி ஒரு விரற்கடை எழும்பியது. அதனோடு சேறும் எழும்பியது. கழிக்கு அடியில் காலி இடம் உண்டாகப் பார்த்தது. அதை நிரப்பத் தண்ணீர் உள்ளே போக வழி இல்லை. அதனால் சேறு கழியை மறுபடி கீழே உறிஞ்சிக்கொண்டது.

'ஓ! சேறு பிடிச்சு வெக்கல, உறிஞ்சுது!'

இப்போது டர்சா மாமாவின் கழி பக்கத்தில் வந்து 'சதக்' என்று இறங்கியது. வார்த்தினி கண்ணை இமைக்காமல் பார்த்தாள். கழி சேற்றுக்குள் போனது. சாய்ந்தது. பிறகு, மேலே எழும்புவதற்குச் சற்று முன்னால், அது கால் வட்டம் சுழன்றது. சேற்றுக்கும் கழிக்கும் நடுவே மெல்லிய விரிசல் விழுந்தது. அதன் வழியாகத் தண்ணீர் உள்ளே ஓடியது. கலங்கல் ஒரு புகை போல எழும்பியது. கழி சுலபமாக மேலே போனது.

அடுத்த தடவையும் அதேதான். சுழன்றது. வந்தது.

வார்த்தினி அவசரமாகப் படகை நோக்கி அடி எடுத்து வைத்தாள். கால் சேற்றில் மாட்டியிருந்தது. வழக்கம் போலக் குதிகாலைத் திருகினாள். கால் வந்துவிட்டது. அப்படியே நின்றுவிட்டாள்.

குழலைத் துப்பிவிட்டுத் தலையைத் தூக்கினாள்.

"அம்மா! பாசிப் பாத்தியில காலை எப்படி எடுப்ப?"

"இப்ப எதுக்குடி அது?"

"சொல்லும்மா!"

"எப்படின்னா... நேரா இழுத்தா வராது. குதிகாலைத் திருகி..."

அம்மா பேச்சை நிறுத்தினாள். தன் காலைப் பார்த்தாள். கழியைப் பார்த்தாள். இரண்டு கையாலும் கழியைப் பிடித்துக் கால் வட்டம் திருகினாள்.

'களக்' என்று ஒரு சத்தம். கழி கையோடு வந்துவிட்டது. அவ்வளவு சுலபமாக வரும் என்று எதிர்பார்க்காததால் அம்மா பின்னால் விழப் பார்த்தாள்.

டர்சா மாமாவின் படகு அந்த நேரத்தில்தான் பக்கத்தில் வந்து முட்டியது. காடேக் கயிற்றை நீட்டிக்கொண்டு நின்றான்.

"அந்தக் கயிறுல உங்க வீட்டுத் துணியைக் காயப் போடு" என்றாள் வார்த்தினி. படகின் விளிம்பைப் பிடித்து ஏறிக்கொண்டாள்.

அம்மா ஊன்றினாள். தள்ளினாள். திருகினாள். எடுத்தாள். படகு முன்னே போனது. போனது போனபடியே இருந்தது. இருபது வருடம் பாசி மூட்டை தூக்கிய கைகள் அவை. பலத்துக்கு எப்போதுமே குறைவில்லை. இரண்டாவது வளைவு, மூன்றாவது வளைவு, காட்டின் கடைசி வரை போய்த் திரும்பினார்கள். டர்சா மாமாவின் படகையே பின்னால் விட்டுவிட்டார்கள். முன்முனையில் கேப்டன் பகாஸ் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். படையல் தட்டில் பிஸ்கட்டைக் காணோம். அவன் உதட்டோரத்தில் துகள் இருந்தது.

கரையில் டர்சா மாமா அம்மாவை உற்றுப் பார்த்தார்.

"யாரு சொல்லிக் கொடுத்தா?"

"நீங்கதான் அண்ணே" என்றாள் அம்மா. "எடுக்கறப்ப திருகறீங்களே."

"நானா? நான் ஒண்ணும் திருகல. சும்மா எடுப்பேன்."

"திருகறீங்க மாமா" என்றாள் வார்த்தினி. "நான் அடியில இருந்து பார்த்தேன்."

டர்சா மாமா கழியைக் கரையோரச் சேற்றில் ஊன்றினார். எடுத்தார். மறுபடி ஊன்றினார். எடுத்தார். தன் மணிக்கட்டையே முதல் முறையாகப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"அட! ஆமா" என்றார்.

"அப்பா," என்றான் காடேக், வாயைப் பிளந்தபடி, "எனக்கு நீங்க இதைச் சொன்னதே இல்லையே!"

"எனக்கே இப்பத்தான்டா தெரியும்!"

"எங்க இடம்?" என்று கேட்டாள் அம்மா.

"இடத்துக்கு என்ன? உன் இடம்தான். நாளைக்கு நாலாவது படகு." டர்சா மாமா தொண்டையைச் செருமிக்கொண்டார். "கயிறை வீட்டுலயே வெச்சிட்டு வரேன்."

சாயங்காலம் வார்த்தினி வீட்டுக்குள் நுழையும்போதே அப்பாவின் துடைப்பத்தைக் கையில் எடுத்தாள். முற்றத்தில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிச் சேறாகக் கிடந்த இடத்தில் அதன் காம்பை ஆழமாக ஊன்றினாள்.

"சிமெண்ட் தரை உறிஞ்சாது. அதனால அதுல உங்க கை திருகவே இல்ல. அதான் உங்களால காட்ட முடியல. இப்ப பாருங்கப்பா. நேரா குத்தணும். தள்ளணும். அப்புறம் கால் வட்டம் திருகணும், தண்ணி உள்ள போகும், சேறு விட்டுடும். அதுக்கப்புறம்தான் எடுக்கணும்."

காம்பு 'களக்' என்று வந்தது.