உள்ளே ஆட்கள்

மடிக்கணினித் திரையில் அம்புக்குறி நகர்ந்தது. சபிர்ஜானின் இரண்டு கைகளும் தேநீர்க் கோப்பையைப் பிடித்திருந்தன.

வெளியே நண்பகல்தான். ஆனால் காலையிலிருந்து வீசும் புரான் புயல், பனியை வாரி இறைத்து, வால்வு அறையின் ஒரே சன்னலை வெள்ளைத் துணி கட்டியதுபோல் மறைத்திருந்தது. குழாய்கள் முனகின. சூடேறிய துருவின் வாடையும், கம்பளிக் காலணியில் உருகும் பனியின் ஈர வாடையும் கலந்து மூக்கில் ஏறின.

நகரத்து வீடுகளுக்கு வெந்நீர் அனுப்பும் நிலையம் அது. அதை ஆட்டுவிக்கும் பழைய மென்பொருள் புதிய கணினிகளில் ஓடாது. அதனால் தலைமை அலுவலக சர்வருக்குள் ஒரு மெய்நிகர் கணினியில் அதைக் குடிவைத்திருந்தார்கள். அவர் மடியில் இருந்தது அதை எட்டிப் பார்க்கும் சன்னல் மட்டும். இங்கே மூடினாலும் அங்கே அது ஓடிக்கொண்டேயிருக்கும்.

தலைமை அலுவலகத்தில் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் மெருயெர்த்தைத் தொலைபேசியில் அழைத்தார்.

"என் திரைக்குள்ள நீயா புகுந்திருக்கே?"

"எனக்கு என் வேலையே தலைக்கு மேல கெடக்கு, அகாய். உள்ள உங்க பேருதான் இருக்கு. ரெண்டு தடவை நுழைஞ்சதாக் காட்டுது. மூடாமப் போயிட்டு என்னைத் திட்டுறீங்க."

"ஒண்ணை வெட்டி விடு."

விசைகள் தட்டும் சத்தம். பிறகு அவள் குரலில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"வெட்ட முடியல. அது மூணு வருஷமா திறந்தே கெடக்கு, அகாய். பிப்ரவரி பதினாலுலேருந்து."

அவர் தம்பி தௌரென் செத்த நாள்.

குழாய்க் கசடு போக்க இந்த அறைக்குள் நீராவியைத் திறந்துவிடுவார்கள். உள்ளே ஒருவர் இருந்தாலும் வால்வு திறக்காது. அன்று தௌரென் உள்ளே இருந்தான்; திரை 'உள்ளே ஆட்கள்: 1' என்றது. ஆள் எண்ணும் உணரி வழக்கம்போல் பொய் சொல்கிறது என்று, வீட்டில் உட்கார்ந்தபடியே, அந்த ஒன்றைச் சபிர்ஜான் பூஜ்யமாக்கினார். விசாரணையில், தம்பி குடித்துவிட்டுத் தானே மாற்றினான் என்றார். ஏழு தலைமுறைப் பெயரைச் சுமக்கும் மூத்தவன் சிறைக்குப் போகலாமா? செத்தவனுக்குச் சிறை ஏது?

அம்புக்குறி அன்றைய பதிவைத் திறந்தது. 'மாற்றியவர்' என்ற கட்டம் காலியாக இருந்தது. அதில் போய் நின்றது. காத்திருந்தது.

முதுகுக்குப் பின்னால் கதவுத் தாழ் விழுந்தது. இழுத்தார். அசையவில்லை. தோளால் இடித்தார். இரும்பு.

தன் பெயரை எழுதினால் கதவு திறக்கும். எப்படியோ அவருக்குத் தெரிந்தது. வசந்தத்தில் மகளுக்குக் கல்யாணம். சம்பந்தி வீட்டார் முகம் நினைவில் வந்தது. முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். விரல்கள் நடுங்காமல் அடித்தன.

தௌரென்.

திரையின் மூலையில் 'உள்ளே ஆட்கள்: 1' என்றிருந்தது. பூஜ்யமானது.

"அப்பாடா, வெளிய வந்துட்டீங்களா அகாய்?" என்றாள் இன்னும் இணைப்பில் இருந்த மெருயெர்த். "அறை காலின்னு காட்டுது."

"உள்ளதான் இருக்கேன்."

"ஹலோ? அகாய்? ஒண்ணும் கேக்கல. வீட்டுக்குப் போயிட்டுக் கூப்பிடுங்க."

தொடர்பு அறுந்தது.

குழாய்களின் முனகல் நின்றது. அமைதி. பிறகு ஒரு கிரீச்சொலி. மெதுவாக. தலைக்கு மேலே.

நிமிர்ந்து பார்த்தார்.

நீராவி வால்வின் சிவப்புச் சக்கரம் சுழன்றுகொண்டிருந்தது. அதன் விளிம்பைப் பற்றியிருந்தன, வெந்து தோலுரிந்த ஐந்து விரல்கள்.