எதிர்ப்பக்கம் சுற்றினால்

படத்தில் போய்க்கொண்டிருந்த பெண், கண்ணாடியில் வந்துகொண்டிருந்தாள்.

தையல்காரி அட்டையை நிறுத்தினாள். சின்னவளின் பள்ளிக்கூட வேலை அது. வட்டமாக வெட்டிய அட்டை. சுற்றிலும் வரிசையாகப் படங்கள், படத்துக்குப் படம் நடுவே மெல்லிய கீறல். மையத்தில் குண்டூசி குத்திப் பென்சிலில் மாட்டி, படங்கள் கண்ணாடியைப் பார்க்கும்படி பிடித்துச் சுற்றிவிட்டு, கீறல் வழியே பார்த்தால் படம் அசையும்.

"அக்கா நடக்கிற மாதிரி வரைஞ்சு குடும்மா" என்று கேட்டிருந்தாள் சின்னவள்.

பெரியவளைத் தையல்காரி கடைசியாகப் பார்த்தது முதுகுப் பக்கம்தான். மழைக்கோட்டுக்கு வெளியே தொங்கிய ஒற்றைப் பின்னல், தோளில் பை, கேட்டைத் தாண்டித் தெருவில் சிறுத்துக்கொண்டே போன உருவம். திறந்து கிடந்த சாக்கடைக் குழியை அன்று மழைத் தண்ணீர் மூடி மறைத்திருந்தது; பெரியவள் வீடு திரும்பவில்லை. அதனால் படத்திலும் முதுகுதான். முகத்தை வரையக் கை ஓடவில்லை.

"நீ ரிவர்ஸ்ல சுத்திட்டேம்மா!" சின்னவள் சிரித்தாள். "அதான் அக்கா திரும்பி வர்றா."

திரும்பி வர்றா. அந்தச் சொல் நெஞ்சில் எங்கோ போய்த் தைத்தது. மறுபடியும் அதே பக்கமே சுற்றினாள்.

மெஷின் எண்ணெய் வாடையும் இஸ்திரி போட்ட துணியின் சூடும் தேங்கிக் கிடந்த அந்த அறையில், ஜன்னல் வெளிச்சம் மெல்ல மெல்ல மங்க, அட்டை விர்ரென்று சுழல, பெரியவள் முதுகைக் காட்டியபடியே பின்னடி வைத்துத் தெருக்கோடியிலிருந்து வீட்டை நோக்கி வந்தாள். கேட்டருகே வந்ததும் படம் முதலிலிருந்து தொடங்க வேண்டும். தொடங்கவில்லை. கேட்டைத் தாண்டினாள். படியேறினாள். ஈரத்துணி வாடை அடித்தது.

நிறுத்து என்றது பயம். நிறுத்தினால் போய்விடுவாளே என்றது பெற்ற வயிறு.

கை சுற்றிக்கொண்டே இருந்தது.

பின்னல். முதுகு. கண்ணாடி முழுக்க முதுகு.

பென்சில் நழுவியது. அட்டை தரையில் உருண்டு சாய்ந்தது. படங்கள் இருந்த இடமெல்லாம் வெறும் வெள்ளை.

மெஷினுக்கு முன்னால் இருந்த முக்காலியில், முதுகைக் காட்டியபடி, பெரியவள் உட்கார்ந்திருந்தாள். பின்னல் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"கண்ணு... இங்க திரும்பும்மா."

திரும்பவில்லை.

"அக்கா!" சின்னவள் துள்ளி ஓடினாள். முக்காலியைச் சுற்றி முன்பக்கம் போனாள். நின்றாள்.

"அம்மா..." சிரிப்பு செத்துப்போன குரல். "இந்தப் பக்கமும் பின்னல்தான் இருக்கு."

பாய்ந்து போய்ச் சின்னவளை இழுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். ஓட வேண்டும். கதவு பக்கத்தில்தான். ஆனால் முக்காலியில் அந்தச் சின்ன உடம்பு குளிரில் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது.

கொடியிலிருந்து துண்டை உருவினாள். ஈரத் தலையைத் துவட்டினாள். முதலில் பின்பக்கம்.

அப்புறம், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, முன்பக்கம்.