மதினி எடுக்காத தட்டு

"காலேஜுன்னு வாசப்படி தாண்டுனா காலு இருக்காது."

மகள் சரண்யாவுக்குக் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு, ஆற்றி வைத்த காபியைத் தொடாமலே அழகுமலை வேலைக்குக் கிளம்பினார். அவர் மனைவி சோணையம்மாள் அந்தக் காபியைச் சாக்கடையில் கொட்டினாள். தானும் குடிக்கவில்லை.

எல்லாம் கம்ப்யூட்டரால் வந்த வினை. மகள் படிப்புக்கென்று கழுத்துச் சங்கிலியை விற்று அவள் வாங்கிய கம்ப்யூட்டர். போன ஞாயிற்றுக்கிழமை, கூடம் நிறையச் சொந்தக்காரர்கள் இருந்தபோது, திரையில் திடுமென ஒரு சிவப்புக் கட்டம் குதித்தது. அரைகுறை உடையில் ஒருத்தி சிரித்தாள். அவள் காலடியில், ஆபாசப் படம் பார்த்ததால் வைரஸ் புகுந்துவிட்டது, உடனே இந்த நம்பரைக் கூப்பிடு என்று இங்கிலீஷில் ஒரு மிரட்டல்.

அழகுமலையின் தம்பி முகேஷ் வில்லாபுரத்தில் வீடு வீடாகக் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறவன். எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். அவன் குனிந்த தலை நிமிராமல், "நெட்டுல கண்டதையும் பாத்தாத்தாண்ணே இது வரும்" என்றான். அந்த வீட்டில் நெட் பார்ப்பது சரண்யா ஒருத்திதான். அவள் கன்னத்தில் அப்பாவின் அறை விழுந்தது. படிப்பும் நின்றது. பெண் பிள்ளையை வளர்த்த லட்சணத்தைப் பற்றி மாமியார் சுந்தரம்மாள் அன்று முழுக்கப் பேசினாள்.

இப்போது அழகுமலை கிளம்பிய பிறகு சோணையம்மாளுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. பேய் வருகிற வழியே இல்லாமல் போகட்டும் என்று கம்ப்யூட்டருக்குப் போகிற டெலிபோன் வயரைப் பிடுங்கி எறிந்தாள். மகளைச் சுவிட்சைப் போடச் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் அதே சிவப்புக் கட்டம். அதே சிரிப்பு.

வயரே இல்லை... வெளியிலிருந்து வர வழியில்லை. அப்படியென்றால் உள்ளேயே யாரோ வைத்ததாக இருக்குமோ? பெட்டியைக் கழற்றி மாட்டுகிற கை அந்த வீட்டில் ஒன்றுதான். பால்பல் விழாத வயதிலிருந்து அவள் சோறூட்டி வளர்த்த கை.

நம்ப மனசு வரவில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். எந்த வீட்டுப் பெண்ணும் வாய் திறந்து சொல்லத் துணியாததைச் சொன்னாள். "எங்க வீட்டுப் பொட்டியில அசிங்கமா ஒருத்தி வாரா. ஒங்க வீட்டுல வந்தாளா?"

முதலில் மாயக்காள்தான் முக்காட்டை இழுத்துவிட்டுப் பேசினாள். புருஷன் கண்டதைப் பார்க்கிறான் என்று அவள் சமைத்துப் போடுவதை நிறுத்தி, அவனுக்கு இன்றுவரை மெஸ் சாப்பாடுதானாம். தங்கப்பொண்ணு அழுதாள். பிளஸ் டூ படிக்கிற மகனை அவன் அப்பா பெல்ட்டால் விளாசியிருந்தார். எல்லா வீட்டிலும், அந்த நம்பரைக் கூப்பிட்டதும் எவனோ வந்தான், சரிசெய்தான், வெளியே தெரியாமலிருக்கக் கூடுதலாகவும் வாங்கிப்போனான். அதற்கு முன்னால் கம்ப்யூட்டரைத் தொட்டது யார் என்று கேட்டாள் சோணையம்மாள். எல்லா வாயிலும் ஒரே பெயர் வந்தது. முகேஷ் வைக்க, அவன் கூட்டாளி வந்து காசு பறித்திருக்கிறான்.

சோணையம்மாள் வீட்டில் இதைப் பற்றி மூச்சுவிடவில்லை. முகேஷுக்குப் பார்த்திருந்த அவனியாபுரத்துப் பெண்ணுக்குப் பூ வைத்து நிச்சயம் செய்கிற நாள் நெருங்கியிருந்தது. சீர்த்தட்டுச் சுமக்க, குழாயடியில் பேசிய பெண்கள் அத்தனை பேரையும் அவளே தேடிப்போய் அழைத்தாள்.

அந்த நாளும் வந்தது. கூடத்தில் தட்டுகள் வரிசையாக இருந்தன. முதல் தட்டை மாப்பிள்ளையின் அண்ணன் மனைவியான மதினிதான் தூக்க வேண்டும். பட்டுச் சட்டையும் சந்தனமுமாக நின்ற முகேஷ் அவசரப்படுத்தினான். "எடுங்க மதினி, நல்ல நேரம் போகுது."

"எடுக்கேன் தம்பி. அதுக்கு முன்ன உன் அண்ணன் ஒண்ணு பாக்கட்டும்."

அன்று பிடுங்கி எறிந்த டெலிபோன் வயரை அழகுமலையின் கையில் கொடுத்துவிட்டு, கம்ப்யூட்டரைப் போட்டாள். கட்டம் குதித்தது.

"ஏத்தா, எங்க வீட்டுக்கு வந்தவளும் இவதான்" என்றாள் மாயக்காள்.

ஒவ்வொருத்தியும் எட்டிப் பார்த்தாள். ஒருத்தியும் தட்டுப் பக்கம் திரும்பவில்லை. முகேஷின் சந்தனம் வேர்வையில் வழிந்தது. "மத்த வீட்டுல போடுறதுக்கு முன்ன சோதிச்சுப் பாக்கத்தான் மதினி இங்க போட்டேன்... அழிக்க மறந்துட்டேன். எல்லாரு முன்னாலயும் வரவும் பயந்துட்டேன்..."

"பயந்து எம்மக தலையில ஏத்துன."

சுந்தரம்மாள் மருமகள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ வளத்த புள்ளடி... பொண்ணு வீட்டுல காத்துக் கெடக்காக. இன்னைக்கு ஒரு நா வாய மூடு."

"எம்மக அழுதப்ப ஒங்க வாய் மூடலையே அத்த."

அழகுமலை தம்பியை அடிக்கக்கூட இல்லை. மகள் முன்னால் போய் நின்றார். அறைந்த கன்னத்தைத் தொடப் போன கை நடுவிலேயே நின்றுவிட்டது. "நான் பாக்கலப்பா" என்றாள் சரண்யா. அவ்வளவுதான், அந்த மனுஷன் குழந்தைபோல் உடைந்து அவள் தோளில் சாய்ந்தார்.

சோணையம்மாள் அழவில்லை. கொழுந்தனின் மணிக்கட்டைப் பிடித்தாள். சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துப் போன அதே பிடி. தெருவே பார்க்க, பட்டுச் சட்டையோடு நடத்திக்கொண்டு போனாள்.

முதலில் தங்கப்பொண்ணு வீடு. கதவைத் திறந்தது மகன். பெல்ட்டுத் தடம் அவன் கையில் இன்னும் கன்றிக் கிடந்தது.

"நீ செஞ்சதச் சொல்லு தம்பி" என்றாள் மதினி. "அடுத்த வீட்டுக்கும் போகணும்."