சுண்ணாம்பில்லாத வீடு

வீரசாமியின் வீட்டுக் கதவிடுக்கு வழியாகப் பச்சைத் தூள் வெளியே வந்திருந்தது. வழக்கம்போல அந்தியில் விளக்குப் போட வந்த பக்கத்து வீட்டு வைதேகி அதை விரலால் தொட்டுப் பார்த்தாள். ஃபிஜித் தலைநகர் சுவாவில், பல்கலைக்கழகத்தில் பூஞ்சைப் பாடம் நடத்துகிறவளுக்கு அது என்னவென்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. இருட்டில் இந்தப் பூஞ்சை வெறும் வெள்ளை நூல்தான். வெளிச்சமும் பட்டு, சுண்ணாம்புச் சத்தும் கிடைத்தால்தான் பச்சை வித்து கட்டும். வெளிச்சத்தை அவளேதான் தினமும் கொடுத்துக்கொண்டிருந்தாள். சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது? பலகைச் சுவர், பலகைத் தரை, தகரக் கூரை. சிமென்ட் மருந்துக்கும் கிடையாது.

ஆட்சியைக் கவிழ்த்து, இந்தியர் கடைகளைக் கொளுத்திய பிறகு தெருவில் பாதி வீடுகள் காலி. வீரசாமியின் மகன் கமலேஷும் மனைவி உர்மிளாவும் ஆக்லாந்துக்குப் பறந்துவிட்டார்கள். விசாவுக்கான மருத்துவப் பரிசோதனையில் கிழவர் தேறவில்லை, தவுவாவில் மகள் வீட்டில் விட்டாயிற்று என்றார்கள். வீட்டில் ஆளிருப்பதுபோலத் தெரிந்தால் கொள்ளைக்காரர்கள் வரமாட்டார்கள், வராந்தா சுவிட்சைப் போட்டால் உள்ளே விளக்கெரியும், நெருப்புப் பிடித்தாலொழிய கதவைத் திறக்க வேண்டாம் என்று சொல்லித்தான் உர்மிளா சாவியைக் கொடுத்தாள். வைதேகிக்கு மனசு கசந்தது. அந்தத் தெருவில் தன்னோடு தமிழ் பேசிய ஒரே மனிதர் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாரே என்று அவர்மேல்தான் கோபப்பட்டாள்.

முதல் சில நாட்கள் இரும்பு உரலில் போதைப் பானத்துக்கு யங்கோனா வேர் இடிக்கும் சத்தம் கேட்டது. டொங், டொங் என்று, வீரசாமி இடிப்பதுபோலவே நிதானமாக. ஆனால் ஊரடங்கில் அடைபட்டுக் கிடந்த சுவாவில் எந்த வீட்டில்தான் வேர் இடித்துக் குடிக்கவில்லை? யார் வீட்டிலோ என்று இருந்துவிட்டாள். பிறகு சத்தம் நின்றது. மழை பிடித்துக்கொண்டது. ஈர வாடை வந்தது, அது எல்லா வீட்டிலும் வருவதுதான். அவளுக்குக் கடைவாய்ப் பல் வலிக்க ஆரம்பித்தது.

வீட்டுக்கு ஓடிப்போய் தவுவாவுக்குப் போன் போட்டாள். மகள் சுமித்ராவுக்குத் தமிழ் வராது. அப்பாவை அண்ணன் ஆக்லாந்துக்குக் கூட்டிப்போய்விட்டாரே, உங்களுக்குத் தெரியாதா என்று ஹிந்தியில் கேட்டாள்.

வைதேகி போனை வைத்தாள். சாவியை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தாள். சுவிட்சைப் போட்டாள்.

கதவு கனத்தது. தள்ளினாள்.

பச்சை. தரையெல்லாம் பச்சை. விளக்கொளியில் தூள் மெல்ல மிதந்தது. நடுவில் ஒரு பாய். பாயில் ஓர் ஆள் நீளத்துக்குப் பச்சை மேடு. முட்டியில் தடிப்பாக. விலாவில் தடிப்பாக. பல் இருக்க வேண்டிய இடத்தில் எல்லாவற்றையும்விடத் தடிப்பாக. எலும்பு இருந்த இடமெல்லாம். பக்கத்தில் உரல். கதவின் உள்பக்கத்தில், கை எட்டிய உயரம்வரை, உலக்கையால் இடித்த பள்ளங்கள்.

உள்ளே ஆள் இருந்திருக்கிறார். கூப்பிட்டிருக்கிறார். அவள் விளக்கை மட்டும் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.

வாயைப் பொத்திக்கொண்டு வெளியே கைநீட்டி சுவிட்சை அணைத்தாள். இருட்டில் இது வளராது. வித்து கட்டாது.

டொங்.

மிக அருகில்.

"லைட்ட அணைக்காதீங்க, டீச்சரம்மா."

கத்துவதற்கு வாயைத் திறந்தாள். கடைவாய்ப் பல் நாக்கின் மேல் சாக்கட்டிபோலப் பொடிந்தது. பிறகு அதற்கடுத்த பல்.

இருட்டில் அவள் விரல்கள், தாமாகவே, சுவிட்சைத் தேடின.